பன்னிரண்டாவது கட்டம்

திருச்செங்கோட்டில் நான் இறங்கியபோது வியாழக்கிழமை பிற்பகல் மணி மூன்று பத்து. ஒன்றரைக்கே இறங்கியிருக்க வேண்டியவன். சேலத்தில் பலகையைப் பார்க்காமல், கூட்டம் ஏறிய வண்டியில் நானும் ஏறிவிட்டேன். டிக்கெட் கேட்டு வந்த நடத்துநர்தான் சொன்னார்.

"ஏனுங்கய்யா, இது எடப்பாடி வண்டிங்க. செங்கோட்டு வண்டி பக்கத்துலயே நின்னுச்சே, பாக்கலீங்களா?"

ஒரு கூட்டுரோட்டில் இறக்கிவிட்டு, அடுத்த வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று கையைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போனார். அங்கிருந்த தள்ளுவண்டியில் தட்டுவடை சாப்பிட்டேன். இரண்டு தட்டைகளுக்கு நடுவே பீட்ரூட்டும் காரட்டும் சட்னியும் வைத்து அழுத்திக் கொடுக்கிறார்கள். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டு மூலைக் கடையில் மாலைப் பலகாரத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் இப்படி ஒன்று கிடையாது. மூன்று செட் தின்றேன். அப்போதும் ஒன்றரை மணி நேரம் வீணானதுதான் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நாமக்கல் விடுதிப் பள்ளியில் படிக்கும் தன் மகளைப் பார்க்கப் போகிறாராம். நான் கோச்சிங் வேலையாக வந்திருக்கிறேன் என்றதும் கண் விரிந்தது. "நீட்டுங்களா?" இல்லை, பெரியவர்களுக்கு, ஓய்வெடுக்கக் கற்றுக்கொடுப்பது என்றேன். "அதுக்குமாங்க கிளாசு?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் திருச்சபை வழியாக ஒரு பயிற்சி பெற்றேன். மனிதர்களை ஒன்பது வகையாகப் பிரித்துப் பார்க்கிற முறை அது. மூன்றாம் வகை, சாதிப்பவர். ஒன்றை முடித்துக் காட்டினால்தான் தனக்கு மதிப்பு என்று நம்புகிறவர். வேலை முடியும்வரை துக்கத்தைக்கூடத் தள்ளி வைப்பார். தேவன் தன்னை நேசிப்பதுகூடத் தன் உழைப்புக்குக் கிடைத்த கூலி என்று உள்ளூர நினைப்பார். அப்படிப்பட்ட விசுவாசிகளுக்குக் கணினி வழியாகவும் தொலைபேசி வழியாகவும் நான் வழிகாட்டுகிறேன். அந்த வகையை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதே வகை. திருமணமான நாள் முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன், ஒரு பக்கம்கூட வெறுமையாக விட்டதில்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

பழனிச்சாமி என் மாணவர்களில் முதன்மையானவர். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் ஆறு வைத்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது. மனைவி எஸ்தர் சேலத்தில் செவிலியராக இருந்தவர், அவர் வழியாகச் சபைக்கு வந்தார். நான் அவருக்குக் கொடுத்தது பன்னிரண்டு வார ஓய்வுநாள் பயிற்சி. சனி மாலை ஆறு முதல் ஞாயிறு மாலை ஆறு வரை வேலை கிடையாது, தொலைபேசி கிடையாது. ஒரு தாளில் பன்னிரண்டு கட்டங்கள். திங்கள் காலை அந்த வாரக் கட்டத்தில் டிக் போட்டுப் படம் அனுப்ப வேண்டும். நான் ஒரு நட்சத்திரம் அனுப்புவேன். பன்னிரண்டு நட்சத்திரங்களும் போயின. நான் நடத்தும் சிறு மாத இதழில் அதை அரைப் பக்கம் எழுதினேன். முழுச் சாட்சியையும் அவர் குரலிலேயே பதிவு செய்யத்தான் இந்தப் பயணம்.

வீட்டு வாசலில் அவர் ஓடி வந்தார். நடந்து வந்தார் என்று எழுத முடியாது. என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "வாங்க பிரதர், ஒன்றரைன்னு சொல்லி மூணு பத்து ஆயிப்போச்சே, என்ற தப்பு, காரு அனுப்பியிருக்கோணும்" என்றார். எஸ்தர் அரிசிம்பருப்புச் சாதம் போட்டு நெய் ஊற்றினார். எங்கள் ஊரில் 'பசியாறியாச்சா' என்று கேட்பார்கள். இங்கே கேட்பதே இல்லை, தட்டு வந்துவிடுகிறது. நான் பாதி சாப்பிடுவதற்குள் பழனிச்சாமி கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

கூடத்தில், சுவிட்சுப் பலகைக்கு மேலே, அந்தத் தாள் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு டிக். நான் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டேன். எஸ்தர் தண்ணீர்ச் செம்புடன் அந்தப் பக்கம் வந்தவர், சட்டத்தைப் பார்க்காமல் கடந்து போனார். அதைக் கவனித்தேன். காரணம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லாரிகள் நிற்கும் பட்டறைக்கு அழைத்துப் போனார். மலையின் கீழே வரிசையாக ரிக் லாரிகள், மடக்கிய தூண்களுடன். துளைக்கும் இரும்பு ராடு ஒவ்வொன்றும் இருபது அடி. ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டே போவார்கள். மேல்மண் இளகலாக இருந்தால், பாறை வரும்வரை துளைத்ததும் உடனே குழாயை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண் சரிந்து மூடிக்கொள்ளும். இதையெல்லாம் அவர் நடந்துகொண்டே சொன்னார், நான் குறித்துக்கொண்டே ஓடினேன். அதற்குள் ஒரு அழைப்பு வந்து, "பத்தே நிமிசம் பிரதர்" என்று போய்விட்டார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே வடநாட்டுத் தொழிலாளர் இருவர் என்னைப் பார்த்து இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்தில் வெல்டிங் வேலை பார்க்கும் அங்கமுத்து இருந்தார். பல வருடம் வடக்கே வண்டியோடு போனவர். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. 'சண்டே முதலாளியோட மலேசியா சாமியாரு இவருதானா'ன்னு கேக்கறானுங்க."

நானும் சிரித்தேன். இளையவன் இன்னொன்று சொன்னான். இம்முறை அவர்கள் சிரிக்கவில்லை. அங்கமுத்து டீயை ஊதினார்.

"அது என்ன?"

"உடுங்க சாமி."

"சொல்லுங்க."

"'மாதேசண்ணன் வெரலு போனதுக்கு இவருதான் காரணமா'ங்கறான்."

யார் மாதேசன் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வாரப் பேச்சில் அந்தப் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. அங்கமுத்து சொல்லித் தெரிந்துகொண்டேன். மாதேஸ்வரன் பழனிச்சாமியின் முதல் வண்டி முதல் கூட இருந்த டிரில்லர். இருபத்திரண்டு வருடம். ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை. மண் மோசம். குழாய் இறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று மாதேசன் கேட்டிருக்கிறார். ஆறு மணிக்கு இன்ஜின் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நிறுத்தினார்கள். விடிவதற்குள் துளை இடிந்து, ராடு உள்ளேயே இறுகிவிட்டது. ஞாயிறு காலை முழுக்க முதலாளிக்குப் போன் போட்டார்களாம், அணைத்து வைத்திருந்தது. தோட்டக்காரர் சத்தம் போட, மாதேசன் தானாகவே வண்டியைக் கிளப்பிச் சங்கிலி போட்டு இழுத்திருக்கிறார். சங்கிலி நழுவி, வலக்கையில் மூன்று விரல்.

"எந்த ஞாயிறு?" என்று கேட்டேன். எனக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றியது.

அங்கமுத்து விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அது பன்னிரண்டாவது வாரம்.

பழனிச்சாமி திரும்பி வந்ததும் கேட்டேன். அவர் முகம் ஒரு கணம் காலியாகிவிட்டுப் பிறகு பழையபடி சுறுசுறுப்பானது. "அது நடந்தது நடந்துபோச்சுங்க பிரதர். நிறுத்துனது என்ற முடிவு. எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கறேன். வாங்க, மதியத்துக்குப் பள்ளிபாளையம் சிக்கன் சொல்லியிருக்குது." மிளகாயும் தேங்காய்ச் சில்லுமாக வந்த அந்தக் கோழியின் ருசி எனக்கு நினைவில்லை.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் என் நாட்குறிப்பை எடுத்தேன். அந்தச் சனிக்கிழமைப் பக்கம். என் கையெழுத்து, நீல மை. 'இரவு 8.10. பழனிச்சாமி அழைப்பு, மூன்று நிமிடம். வேலை முடிய ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வேண்டுமாம். சோதனை நேரம். உறுதிப்படுத்தினேன். பன்னிரண்டு முழுமையாக இருக்கட்டும் என்றேன். ஜெபித்தோம்.' எங்கள் ஊரில் எட்டுப் பத்து என்றால் இங்கே ஐந்து நாற்பது. திங்கள்கிழமைப் பக்கத்தையும் புரட்டினேன். 'டிக் வந்தது. நட்சத்திரம் அனுப்பினேன். மகிழ்ச்சி.'

எந்தத் துளை, எப்படிப்பட்ட மண், நிறுத்தினால் என்ன ஆகும், யார் கேட்கிறார்கள் என்று ஒரு கேள்விகூட அந்தப் பக்கத்தில் இல்லை. மூன்று நிமிடத்தில் எவ்வளவோ கேட்டிருக்கலாம்.

எஸ்தர் காபி கொண்டு வந்தார். நாட்குறிப்பை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியுமுங்க. பக்கத்துலதான் நின்னேன். உங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு என்னையும் தடுத்துட்டாரு."

"அதற்கப்புறம் ஏன் டிக் போட்டு அனுப்பினார்?"

"ஆஸ்பத்திரியில இருந்துதாங்க அனுப்புனாரு. இவரு ஓய்வையும் ஓடிக்கிட்டேதான் எடுப்பாரு. நிறுத்துனா தோத்துட்ட மாதிரி ஆயிருமாமா." டம்ளரை என் பக்கம் நகர்த்தியபடி, "நீங்களும் நட்சத்திரம் அனுப்புனீங்களே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கேட்கிறது.

சனிக்கிழமை மதியம், மாதேஸ்வரனைப் பார்க்கத் தனியாக வெண்ணந்தூர் போனேன். வழியில் ஆட்டையாம்பட்டியில் வண்டி நின்றபோது கைமுறுக்கு வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காக. மூன்று விரல் இழந்தவருக்குக் கைமுறுக்கு வாங்கிப் போகிறோமே என்று இறங்கும்போதுதான் தோன்றியது.

மாதேஸ்வரன் மாமனார் வீட்டை ஒட்டிய தறிக்கூடத்தில் இருந்தார். நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மனைவி சரோஜா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். பேசியது எதுவும் கேட்கவில்லை. மாதேஸ்வரன் கையசைத்து என்னை வெளியே கூட்டி வந்து, சுவரோரம் கிடந்த பாவு உருளை மேல் உட்காரச் சொன்னார். அங்கேயும் பாதிச் சத்தம் இருந்தது.

"நீங்கதான் மலேசியாங்களா?" கத்தித்தான் கேட்டார்.

"ஆமா."

"அவன் காட்டுன போட்டோவுல இளவட்டமா இருந்தீங்க."

முறுக்கை இடக்கையால் வாங்கினார். வலக்கை மடியில் துண்டுக்கு அடியில் இருந்தது. நான் நாட்குறிப்பைத் திறந்து அந்தச் சனிக்கிழமை வரிகளை உரக்க வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"அஞ்சு முப்பத்தஞ்சுக்கு நான் அவனக் கூப்புட்டேன். 'இரு'ன்னு வெச்சான். பத்து நிமிசங் கழிச்சு, 'நிறுத்திரு மாதேசு'ன்னான். அந்தப் பத்து நிமிசம் என்ன பண்ணுனான்னு இத்தன நாளா ரோசனைங்க. முட்டி போட்டு சாமி கும்புட்டிருப்பான்னு நெனச்சேன். அப்படீன்னா சரின்னு இருந்தேன்." முறுக்கை உடைத்தார். "உங்களக் கூப்புட்டிருக்கான்."

"தப்பு என்னுடையது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நீங்க போர் வண்டி பாத்திருக்கறீங்களா?"

"நேற்றுத்தான் முதல் தடவை."

அவர் சிரித்தார். சிரிப்பில் கோபம் இல்லாதது எனக்குச் சங்கடமாக இருந்தது.

"நான் துளைக்குப் பக்கத்துல நின்னேனுங்க. ராடுல கைய வெச்சுட்டு. கீழ மண்ணு நகர்றது கைக்குத் தெரியுது. இருவத்திரண்டு வருசமா அவன் அதத்தான் கேப்பான். 'மாதேசு, கை என்ன சொல்லுது'ம்பான். அன்னைக்கு என்ற கையக் கேக்கல. கடல் தாண்டிக் கேட்டிருக்கான்."

மன்னிப்புக் கேட்டேன். இடக்கையை ஆட்டித் தடுத்தார்.

"வண்டிய எடுத்தது நானுங்க. அவன் போனெடுக்கல, தோட்டக்காரரு கத்தறாரு. என்ற துளை என்ற காலத்துல மூடுனதில்லைங்கற திமிரு. ரெண்டு ஆளக் கூப்புட்டுட்டு வந்து இழுத்திருக்கலாம். அதையும் உங்க நோட்டுல எழுதிக்கங்க. எல்லாத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போயிராதீங்க."

பழனிச்சாமி வந்து பார்த்தாரா என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுட்டே, எனக்கு அடுத்து என்ன வேலைன்னு பட்டியல் வாசிச்சான். சூப்பர்வைசரு, புது ஆளுகளுக்குப் பழக்கறதுன்னு. மொத்தம் ஆறோ ஏழோ. ஒரு நிமிசம் சும்மா ஒக்காரலீங்க. நான்தான் இனிமே வராதடான்னுட்டேன்."

உள்ளே தறி ஒன்று நின்றது. சரோஜா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அவருக்கு மோரு குடுத்தீங்களா?" என்றார். கொடுக்கவில்லை என்றதும், "வந்தவங்கள கத்த வெச்சே அனுப்புங்க" என்று கணவனைத் திட்டிவிட்டுத் தானே கொண்டுவந்தார்.

கிளம்பும்போது, பழனிச்சாமியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். மாதேஸ்வரன் தறிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. தறி ஓடாது. பேசுனா காதுல உழுகும். வேறொண்ணும் சொல்றதுக்கில்லீங்க."

திரும்பும் வழியில் ஐந்தே முக்காலுக்குப் பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிக் கீழே பார்த்தார், நடத்துநர் இறங்கிக் கீழே பார்த்தார், பிறகு பயணிகள் எல்லோரும் இறங்கிக் கீழே பார்த்தார்கள். கிள்ளானில் என்றால் எல்லோரும் தொலைபேசியைத்தான் பார்த்திருப்போம். அடுத்து வந்த வண்டி நிற்காமல் போயிற்று. நான் பழனிச்சாமியை அழைத்தேன். ஆறு ஐந்து. அணைத்து வைக்கப்பட்டிருந்தது; பன்னிரண்டு வாரம் முடிந்தும் அவர் அந்த வழக்கத்தை விடவில்லை. ஆறு பத்து. ஆறு பதினெட்டு. ஆறு முப்பது. எஸ்தருடைய எண்ணை நான் வாங்கி வைத்திருக்கவில்லை. நான்காவது முறை அந்தப் பெண்குரல் எண் அணைக்கப்பட்டுள்ளது என்று சொன்னபோது, என் மீது எனக்கே ஆத்திரம் வந்தது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு சவாரி மட்டும். மாதேஸ்வரனுக்கு எதிரில் துளை மூடிக்கிடந்தது.

முட்டை வேன் ஒன்று என்னை ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் பேசிக்கொண்டே வந்தார். என் பெருமூச்சைக் கேட்டு, "மெதுவா உடுங்கய்யா, பின்னால பூரா முட்டை" என்றார்.

வீடு சேர்ந்தபோது மணி ஏழு நாற்பது. பழனிச்சாமி கூடத்து நாற்காலியில் ஓய்வாக உட்கார்ந்திருந்தார். வலது கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. தொலைபேசிகள் இரண்டும் சமையலறையில் கோதுமை டப்பாவுக்குள் இருந்தன.

"பிரதர், ஏனிவ்வளவு நேரம்? கூப்புட்டிருக்கலாமே..." என்று எழுந்தவர், பாதியில் நின்றார்.

"நான்கு தடவை கூப்பிட்டேன்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். கால் ஆடுவது நின்றது.

நான் வெண்ணந்தூர் போனதையும், நாட்குறிப்பை வாசித்ததையும் சொன்னேன். "ஏனுங்க பிரதர் சொன்னீங்க? உங்க பேரு கெட்டுப்போகுமே" என்றார். மாதேசனின் பத்து நிமிட யோசனையைச் சொன்னபோது இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். எஸ்தர் வந்து அவர் தோளில் கை வைத்தார். நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன், வழியில் அவர் நாற்காலி இருந்தது.

கடைசியாக, நாளைக்குத் தறி ஓடாது என்ற வார்த்தையைச் சொன்னேன்.

அவர் முகம் உடனே மாறியது. எனக்குப் பழக்கமான முகம், கண்ணாடியில் பார்க்கிற முகம். மேசை இழுப்பறையிலிருந்து டைரியை எடுத்தார். "எத்தன மணிக்குன்னு சொன்னானுங்களா? ஒம்பதுக்குப் போனா பத்தரைக்குள்ள பேசி முடிச்சரலாம்." 'வெண்ணந்தூர், மாதேசு' என்று எழுதினார். எழுதிய கையோடு, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் வரைந்தார்.

வரைந்ததை அவரே பார்த்தார். பேனா அதன் மேலேயே நின்றது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கட்டத்த அடிச்சரட்டுங்களா பிரதர்?"

கட்டம் போட அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்கு என்னிடம் ஒரு பதிலும் தயாராக இருந்தது, அழகான பதில், இதழில் போடலாம் போல.

"என்னைக் கேட்காதீங்க" என்றேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு எனக்குக் கார் வந்தது. எஸ்தர் வழிக்கு முறுக்குக் கட்டிக் கொடுத்தார். பழனிச்சாமி வாசலில் நின்றிருந்தார், சபைக்குப் போடும் வெள்ளைச் சட்டை இல்லை, வீட்டில் போடும் பழைய கோடுபோட்ட சட்டை. கூடத்தில் சட்டம் அதே இடத்தில் இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கார் நகர்ந்துவிட்டது.

பன்னிரண்டாவது கட்டம் நிறைவேறியது என்று இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துப் பாராட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த அரைப் பக்கத்தை வெட்டி வைத்திருப்பவர்கள், இதையும் அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை வழக்கமான நேரத்தில் தொலைபேசியைப் பார்த்தேன். அந்த டைரிக் கட்டத்தில் டிக் போட்ட படம் எதுவும் வரவில்லை. மத்தியானமும் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு செய்தி எழுதி, அனுப்பாமல் அழித்தேன். நாட்குறிப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் விமானம் கிளம்பிய நேரமும், அது தரையிறங்கும்போது பெய்த மழையும் மட்டும் இருக்கின்றன. கீழே முக்கால் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அதை நான் நிரப்பவில்லை.